ஓசோனுக்கு ஒன்றுபட்ட உலகம்

கேள்வி: மாநாடுகள் ஆண்டுதோறும் கூடிக் கலைகின்றன. உலக நாடுகள் சேர்ந்து ஒரு சுற்றுச்சூழல் சிக்கலையாவது தீர்த்ததுண்டா?
- வாசகர், திருச்சி

பதில்: உண்டு. ஓசோன் படலத்தை அரிக்கும் வாயுக்களைக் கைவிட 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கைதான் அது. சூரியனின் புறஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காப்பது இந்தப் படலம். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் அதை அரிக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதியபோது உற்பத்தியாளர்கள் மறுத்தார்கள். 1985இல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிந்திருப்பது வெளியான பிறகே அரசுகள் அசைந்தன.

வளரும் நாடுகளின் வாதம் நியாயமானது: வாயுவைப் பெருமளவில் வெளியேற்றியவர்கள் பணக்கார நாடுகள், மாற்றுத் தொழில்நுட்பத்துக்கான செலவை மட்டும் நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்? அதனால் 1990இல் இலண்டனில் ஒரு பன்னாட்டு நிதியம் உருவானது. அதன் செயற்குழுவில் வளர்ந்த நாடுகளுக்கு 7 இடம், வளரும் நாடுகளுக்கு 7 இடம். பணம் கொடுப்பவரே முடிவெடுப்பவர் என்ற வழக்கம் அங்கே செல்லவில்லை. இந்தியா 1992இல்தான் இணைந்தது.

உங்கள் வீட்டு ஏசியின் ஒட்டுத்தாளைப் பாருங்கள். பழையதென்றால் ஆர்-22 என்றிருக்கலாம்; அது ஓசோனை அரிக்கும் குளிர்பதன வாயு. புதியதில் பெரும்பாலும் ஆர்-32. பின்னது ஓசோனைத் தொடாது, ஆனால் கரியமில வாயுவைவிடப் பல நூறு மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆகவே 2016இல் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் கூடிய நாடுகள் இவ்வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டன.

நிலக்கரியைக் குறைப்பதில் இதே வெற்றியை எதிர்பார்ப்பது கடினம். ஓசோனை அரித்த வாயுக்களைத் தயாரித்தவை சில நிறுவனங்களே. நிலக்கரியிலோ நாடுகளின் மின்சாரமே அடங்கியிருக்கிறது.