பின்பக்க ஸ்வே பாரை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன். வளைவில் கொஞ்சம் வேகமாகப் போனாலே வண்டி நன்றாகச் சாய்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு உள்ளே வராமல் வெளியே தள்ளுகிறது. பின்பக்கம் தடிமனான ஸ்வே பார் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா, ஐயா? முன்பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

பதில்: அருமையான வண்டி வைத்திருக்கிறீர்கள். 1989-ல் வெளிவந்த அந்த வண்டியில் எடை ஆயிரம் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அதுவும் முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கைகள் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன். இவ்வளவு பொறுப்பாகச் செய்த சமநிலையைக் கெடுக்காமல் மாற்ற வேண்டும் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. வண்டி சாய்வது ஒன்று, மூக்கு வெளியே தள்ளுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்துத்தான் பலரும் பாரை வாங்குகிறார்கள்.

ஸ்வே பார் என்பது 'ப' வடிவத்தில் வளைத்த எஃகுக் கம்பி. நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்களில் வண்டியின் உடம்போடு பிடித்திருக்கும். இரண்டு கால்களும் லிங்க் என்ற சின்ன இணைப்புக் கம்பி வழியாக இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே ஏறினால் பார் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். அதற்கு வேலையே இல்லை. ஒன்று ஏறி மற்றொன்று இறங்கும்போதுதான், ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி கம்பி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குதான் சாய்வை எதிர்க்கிறது.

இனி முக்கியமான இடம். பார் சாய்வைக் குறைக்கும். ஆனால் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் பாரத்தைக் குறைக்காது. ஆயிரம் கிலோ வண்டி, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 45 செ.மீ., இடது வலது சக்கரங்களுக்கு இடையே 145 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டி எடையில் முக்கால் பங்கு அளவுக்குப் பக்கவிசை வந்தால், சுமார் 230 கிலோ வெளிப்பக்கம் போய்விடும். நீங்கள் எந்தப் பாரைப் போட்டாலும் கணக்கு இதேதான். அந்த 230 கிலோவில் முன் அச்சு எவ்வளவு சுமக்கிறது, பின் அச்சு எவ்வளவு சுமக்கிறது என்ற பங்கீட்டைத்தான் பார் மாற்றுகிறது.

டயருக்கு ஒரு குணம் உண்டு. பாரம் இரட்டிப்பானால் பிடிப்பு இரட்டிப்பாகாது, கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். அதனால் எந்த அச்சில் உள்சக்கரத்துக்கும் வெளிச்சக்கரத்துக்கும் பார வித்தியாசம் அதிகமோ, அந்த அச்சு மொத்தமாகப் பிடிப்பை இழக்கும். முன்பார் தடித்தால் மூக்கு வெளியே தள்ளும். பின்பார் தடித்தால் வால் வெளியே வரும்.

அப்படியானால் நண்பர்கள் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். பாதி சரி. பின்பாரை மட்டும் தடிமனாக்கினால் மூக்கு உள்ளே வரும். ஆனால் அது முன்பக்கத்துக்குக் கூடுதல் பிடிப்பு கொடுத்ததால் மட்டுமல்ல, பின்பக்கத்திலிருந்து பிடிப்பை எடுத்துவிட்டதாலும்தான். உங்களுடையது பின்சக்கரம் இழுக்கும் வண்டி. வளைவிலிருந்து வெளியேறும்போது பாரம் குறைந்த உள்பக்கப் பின்சக்கரம் சும்மா சுழலும். இரண்டு பின்சக்கரங்களுக்கும் இன்ஜின் விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல், சுழலும் சக்கரத்தைக் கட்டுப்படுத்தாத ஓப்பன் வகையாக இருந்தால் வெளிச்சக்கரத்துக்கும் இழுவை போகாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன், பின்சக்கரம் இழுக்கும் என் சின்ன வண்டிக்குத் தடிமனான பின்பார் மட்டும் போட்டேன். காய்ந்த சாலையில் அற்புதமாக இருந்தது, நினைத்த மாத்திரத்தில் திரும்பியது. ஒரு வாரம் கழித்துத் தூறலில் அதே வளைவு. பாதி வழியில் கொஞ்சம் வேகம் அதிகமோ என்று தோன்றி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான். பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்து, வந்த திசையைப் பார்த்தபடி புல்லோரத்தில் வண்டி நின்றது. இன்ஜின் அணைந்துவிட்டது, வைப்பர் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பின்னால் யாரும் வராதது அதிர்ஷ்டம். அன்று மாலையே பழைய பாரைத் திரும்ப மாட்டினேன்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் முன் டயரின் வெளித்தோளைப் பாருங்கள். அங்கே மட்டும் ரப்பர் உருண்டு தேய்ந்திருந்தால், வண்டி சாயும்போது வெளிச்சக்கரமும் கூடவே சாய்ந்து டயரின் ஓரத்தில் ஓடுகிறது என்று பொருள். சாக்பீஸால் டயர் பக்கவாட்டிலிருந்து தரைப்பகுதி வரை ஒரு கோடு போட்டு, இரண்டு வளைவு ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். அப்படி ஓரத்தில் ஓடுகிற வண்டிக்கு முன்பார் தடிமனானால் சாய்வு குறைந்து டயர் நிமிர்ந்து நிற்கும். கணக்குப்படி மூக்கு இன்னும் தள்ள வேண்டும். ஆனால் நிமிர்ந்த டயர் தரும் லாபம் பல நேரம் அந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிடும். மூக்கும் நன்றாகவே திரும்பும். ஆகவே முன்பாரை மாற்றுங்கள், பின்னால் கம்பெனி பாரையே வைத்து ஓட்டிப் பாருங்கள். அப்போதும் மூக்கு தள்ளினால் மட்டும், காலில் லிங்க் மாட்டும் துளையை மாற்றிக் கடினத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பின்பார் வாங்கி, மிக மென்மையான துளையிலிருந்து தொடங்குங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் டயரின் வயது, காற்றழுத்தம், வீல் அலைன்மென்ட், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிவு, பழைய ரப்பர் புஷ் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். இத்தனை வருடமான வண்டியில் பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: 22 மி.மீ. பாருக்குப் பதில் 25 மி.மீ. பார் கிடைக்கிறது. வெறும் 3 மி.மீ.க்காக இவ்வளவு செலவு செய்ய வேண்டுமா?

பதில்: கம்பியின் முறுக்குக் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20-லிருந்து 22 மி.மீ. போனாலே 46 சதவீதம் கூடும். உங்கள் 22-லிருந்து 25 என்பது சுமார் 67 சதவீதம். ஆகவே "வெறும்" என்று சொல்லாதீர்கள். என் பயம், அது உங்கள் வண்டிக்கு அதிகமாகிவிடுமோ என்பதுதான். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்தக் குலுக்கல் மறுபக்கத்துக்கும் போகும், மோசமான சாலையில் வண்டி இடமும் வலமுமாகத் தலையாட்டும்.

எடை பற்றிக் கவலை என்றால் உள்ளே வெற்றிடமான பார் நல்லது. 25 மி.மீ. விட்டம், 4 மி.மீ. சுவர் கொண்ட குழாயின் எடை கெட்டிக் கம்பியில் 54 சதவீதம்தான், கடினமோ 79 சதவீதம். முறுக்கைத் தாங்குவதில் நடுவில் இருக்கும் இரும்புக்குப் பங்கு மிகக் குறைவு.

கேள்வி: புது பார் போட்ட நாளிலிருந்து கரடுமுரடான சாலையில் முன்னால் 'டொக் டொக்' என்று சத்தம். தவிர, இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் ஒரு மாதிரியும் போகிறது. பார் தரமில்லையா?

பதில்: பாரைக் குறை சொல்லும் முன் மாட்டிய விதத்தைப் பார்க்க வேண்டும். சத்தம் பெரும்பாலும் லிங்க்கில்தான் வரும். ஒருவரை வண்டியின் பக்கத்தில் நின்று மேலும் கீழும் அசைக்கச் சொல்லி, லிங்க்கின் பால் ஜாயின்ட் மேல் விரலை வையுங்கள். தளர்வு இருந்தால் காதுக்கு முன் விரலுக்குத் தெரியும். அடுத்தது புஷ். பாலியூரிதேன் புஷ்ஷுக்குள் சிலிக்கோன் கிரீஸ் தடவாமல் மாட்டினால் முனகும். புஷ்ஷைப் பிடிக்கும் பிராக்கெட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தடிமனான பார் அந்த இடத்தைப் பலமாக இழுக்கும், வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் வரலாம். விரிசல் கண்டால் ஓட்டாதீர்கள்.

இரண்டு பக்கமும் வேறுவேறாகப் போவதற்குக் காரணம், சும்மா நிற்கும்போதே பார் முறுக்கியிருப்பது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் தொங்க, போல்ட்டை முறுக்கியிருப்பார்கள். வண்டி சமதரையில் நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஒருவர் உட்காரட்டும். ஒரு பக்க லிங்க்கை மாட்டுங்கள். மறுபக்கத்தில் கடைசி போல்ட் சுத்தியல் இல்லாமல், நெம்பாமல், இரண்டு விரலால் தள்ளினால் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் லிங்க்கின் நீளத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள். வண்டியைத் தாழ்த்தியவர்களுக்கு நீளம் மாற்றக்கூடிய லிங்க் அவசியம்.

கேள்வி: என்னுடையது முன்சக்கரம் இழுக்கும் ஹேட்ச்பேக். பின்பார் கூடாது என்பது எனக்கும் பொருந்துமா?

பதில்: இல்லை, உங்களுக்கு நேர்மாறு. முன்சக்கரமே இழுக்கவும் திருப்பவும் வேண்டியிருப்பதால் அங்கே பிடிப்பை மிச்சம் பிடிப்பதுதான் லாபம். பின்பாரைத் தடிமனாக்கலாம். வேகமான வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினாலும் அது இழுக்கும் சக்கரம் அல்ல என்பதால் இழுவை போகாது. ஆனால் ஈரச் சாலையில் வளைவின் நடுவே காலை எடுக்கும் பழக்கம் உங்களுக்கும் ஆபத்துதான்.

கேள்வி: மூன்று துளை உள்ள பின்பார் வாங்கிவிட்டேன். எந்தத் துளையில் மாட்டுவது?

பதில்: முனையில் இருக்கும் துளை மென்மை, உள்ளே போகப் போகக் கடினம். பாரின் காலுடைய நீளம் 25 செ.மீ.யிலிருந்து 22.5 ஆனாலே கடினம் சுமார் 23 சதவீதம் கூடும். முனையிலிருந்து தொடங்குங்கள், இரண்டு பக்கமும் ஒரே துளை. பொதுச் சாலையில் சோதிக்க வேண்டாம். மூடிய மைதானத்தில் ஒரே ஆரத்தில் வட்டமடித்து, வேகத்தை மெல்லக் கூட்டி, முதலில் நழுவுவது மூக்கா வாலா என்று பாருங்கள். ஒரு துளை மாற்றினால் அன்றைக்கு வேறு எதையும் தொடாதீர்கள், காற்றழுத்தத்தைக்கூட. துளை, டயர் அழுத்தம், தரை ஈரமா காய்ந்ததா, மூன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மூக்குதான் முதலில் நழுவுகிறது என்றால் நடுத்துளைக்கு வாருங்கள். மழையில் ஒரு முறை வட்டமடித்துப் பார்க்காமல் மூன்றாம் துளைக்குப் போக வேண்டாம்.