பழைய லேப்டாப்ல ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாம சிப்புலயே டேட்டாவை வைக்கிற டிஸ்க்) போட்டா நிஜமாவே வேகம் வருமா, இல்ல புதுசே வாங்கிடலாமா?

போடுங்க. முதல்ல இதைப் போடுங்க, புதுசு வாங்குறதைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்.

எட்டு வருஷ லேப்டாப், 4 ஜிபி ரேம், ஆன் பண்ணினா வந்து சேர்றதுக்கே யுகமாகுது, கேட்டவங்க எல்லாரும் "பிராசசர் பழசாயிடுச்சு, தூக்கிப் போடு"ன்னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. அந்த ஒரு வரியைப் பாத்துட்டுத்தான் இந்தப் பதிலை எழுத உக்காந்தேன், ஏன்னா இதே டயலாக்கை எங்க வீட்டுலயும் கேட்டாச்சு. பிராசசர் என்ன வாழைப்பழமா, நாளாக நாளாக அழுகிப் போறதுக்கு? வாங்கின அன்னைக்கு என்ன வேகத்துல கணக்குப் போட்டுச்சோ அதே வேகத்துலதான் இன்னைக்கும் போடும். ஃபேன்ல தூசி அடைச்சு, சூடு ஏறி, தானா வேகத்தைக் குறைச்சுக்கிட்டா அது வேற கதை, அதுக்கும் சுத்தம் பண்ணி, பிராசசர் மேல சூடு கடத்த தடவியிருக்கிற பேஸ்ட்டை மாத்தினா போதும்.

உங்க லேப்டாப்ல இப்பவே ஒண்ணு பாருங்க. ஆன் பண்ணி டெஸ்க்டாப் வந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும். அதுல சிபியு, அதாவது பிராசசர், 10, 15 சதவீதத்துல சும்மா இருக்கு, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்துலயே நிக்குதுன்னா உங்களுக்குப் பதில் கிடைச்சிடுச்சு. டிஸ்க் 100ன்னு காட்டும்போது எத்தனை எம்பி ஓடுதுன்னும் பாருங்க, பல நேரம் செகண்டுக்கு 1 எம்பி, 2 எம்பிதான் ஓடிட்டு இருக்கும், அதுக்கே அதுக்கு மூச்சு வாங்குது.

ஏன்னா லேப்டாப் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்துற ரகம், அதாவது செகண்டுக்கு 90 சுத்து, ஒரு சுத்துக்கு 11 மில்லிசெகண்ட். படிக்கிற ஹெட் முதல்ல சரியான டிராக்குக்கு நகரணும், அப்புறம் வேண்டிய டேட்டா சுத்தி அதுக்குக் கீழ வர்ற வரைக்கும் காத்திருக்கணும், ரெண்டும் சேந்து ஒரு சின்ன ஃபைலுக்கு 15 மில்லிசெகண்டுக்கு மேல போயிடும், ஆக செகண்டுக்கு 60, 70 இடத்துல இருந்துதான் படிக்க முடியும். விண்டோஸ் ஸ்டார்ட் ஆகுறப்போ ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் திறக்குது, அதுவும் டிஸ்க்ல அங்கங்க சிதறிக் கிடக்குறதை, கூடவே ஆன்டிவைரஸ் ஒரு பக்கம், அப்டேட் ஒரு பக்கம், சர்ச் இன்டெக்ஸ் ஒரு பக்கம்னு எல்லாரும் அந்த ஒரே ஹெட்டைப் பிடிச்சு இழுக்குறாங்க. எஸ்எஸ்டில சுத்துறதும் கிடையாது நகர்றதும் கிடையாது, எந்த இடத்துல இருந்து கேட்டாலும் ஏறக்குறைய 0.1 மில்லிசெகண்ட்ல குடுத்துடும். வித்தியாசம் இங்கதான் இருக்கு. டப்பா மேல பெருசா போட்டிருக்கிற செகண்டுக்கு 550 எம்பி எல்லாம் பெரிய ஃபைல் ஒண்ணை காப்பி பண்றப்போ மட்டும்தான் கண்ணுல படும்.

சரி, எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். எங்க அக்கா வீட்டுல இருந்தே நாலஞ்சு பேருக்குக் கணக்கு எழுதிக் குடுக்குறா. அவளோடது ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். காலையில பட்டனை அமுக்கிட்டு குளிக்கப் போவா, குளிச்சு தலை துவட்டிட்டு வந்து பாத்தா டெஸ்க்டாப் வந்திருக்கும், ஆனா எதைக் க்ளிக் பண்ணினாலும் அந்த நீல வட்டம் சுத்தும். மாமாவோட ஆபீஸ்ல சிஸ்டம் பாக்குற ஒருத்தர் ஃபோன்லயே "போர்டு வீக்காயிடுச்சு, இனிமே அதுல காசு போடாதீங்க"ன்னு தீர்ப்பு சொல்லிட்டார். லேப்டாப்பைக் கண்ணால கூடப் பாக்கல அந்த மனுஷன். போர்டு வீக்குன்னா என்ன, சத்து மாத்திரை குடுத்தா சரியாகுமான்னு கேக்கணும் போல இருந்துச்சு, மாமா முன்னாடி கேக்கல.

நான் போய் உக்காந்து டாஸ்க் மேனேஜர் பாத்தா மேல சொன்ன அதே கதை. கூடவே அப்பப்போ உள்ள இருந்து டிக் டிக்னு ஒரு சத்தம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதைப் போட்டுப் பாத்தா மஞ்சள் கலர்ல எச்சரிக்கை, கெட்டுப் போன செக்டர்களை (டிஸ்க்ல டேட்டா வைக்கிற சின்னச் சின்ன கட்டங்கள்) ஸ்பேர் இடத்துக்கு மாத்தியிருக்கு, இன்னும் சிலதைப் படிக்க முடியாம பென்டிங்ல வச்சிருக்கு. இப்படி ஒரு கெட்ட இடம் மாட்டுச்சுன்னா டிஸ்க் விடாம திரும்பத் திரும்பப் படிச்சுப் பாக்கும், அதுவரைக்கும் மொத்த விண்டோஸும் உறைஞ்சு நிக்கும். அக்கா "ஹேங் ஆகுது ஹேங் ஆகுது"ன்னு சொன்னதுல பாதி இதுதான். நீங்களும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுறதுக்கு முன்னாடி இந்த ஒரு செக்கைப் பண்ணிடுங்க, மஞ்சளோ சிவப்போ வந்துச்சுன்னா அன்னைக்கே முக்கியமான ஃபைல்களை வெளிய எடுத்துடுங்க, எஸ்எஸ்டி எல்லாம் அப்புறம்.

அக்காவோட கணக்கு ஃபைல், ஃபோட்டோ எல்லாத்தையும் விண்டோஸுக்குப் பதிலா ஓடுற லினக்ஸை பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணி வெளி டிஸ்க்குக்கு எடுத்துட்டு, புது எஸ்எஸ்டில விண்டோஸைப் புதுசா போட்டேன். இப்போ ஒருத்தர் வந்து "பழைய டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து க்ளோன் பண்ணியிருந்தா அரை நாள் மிச்சம் ஆகியிருக்குமே"ன்னு சொல்வாருன்னு தெரியும். டிஸ்க் நல்லா இருந்தா தாராளமா க்ளோன் பண்ணுங்க, டிஸ்க்கை யுஎஸ்பில மாட்டுற சாட்டா கேபிள் ஒண்ணு இருந்தா போதும், க்ளோன்சில்லா மாதிரி சாஃப்ட்வேர் இலவசமாவே இருக்கு. ஆனா படிக்க முடியாத செக்டர் இருக்கிற டிஸ்க்கை க்ளோன் பண்ணினா பாதி வழியில எர்ரர் அடிச்சு நிக்கும், இல்லன்னா கெட்டுப் போன ஃபைலையும் சேத்துக் கொண்டுவந்து வைக்கும். இன்னொண்ணு, 500 ஜிபில இருந்து 250 ஜிபிக்குப் போறீங்கன்னா முதல்ல பார்ட்டிஷனை (டிஸ்க்ல பிரிச்சு வச்சிருக்கிற பகுதி) சுருக்கணும், டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸோட பிட்லாக்கர் ஆன்ல இருந்தா அதை ஆஃப் பண்ணிட்டு, ரெக்கவரி கீயை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுட்டு ஆரம்பிங்க.

கழட்டுறது அவ்வளவு பெரிய வித்தை இல்ல, பொறுமை இருந்தா போதும். சார்ஜரைப் பிடுங்கிட்டு, பேட்டரி வெளிய எடுக்குற மாதிரி இருந்தா எடுத்துடுங்க, உள்ள இருந்தா கவரைத் திறந்ததும் முதல் வேலையா அதோட கனெக்டரைக் கழட்டுங்க. எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் இருக்காது, நீளமான ஸ்க்ரூவைக் குட்டை இருக்க வேண்டிய இடத்துல போட்டு முறுக்கினா கை வைக்கிற பக்கம் பிளாஸ்டிக் புடைச்சு வெளிய வந்துடும், அதனால ஒரு பேப்பர்ல லேப்டாப் அடிப்பக்கத்தை வரைஞ்சு எந்த ஓட்டையோ அங்கயே ஸ்க்ரூவைக் குத்தி வைப்பேன். எல்லாம் கழட்டியும் கவர் வரலன்னா இழுக்காதீங்க, ரப்பர் காலுக்கு அடியிலயோ சிடி டிரைவ் இருக்கிற இடத்துலயோ ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். பழைய டிஸ்க் சிலது 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர், லொடலொடன்னு ஆடுனா ஸ்பேசர் வச்சுக்கலாம், பிராக்கெட்டுல ஸ்க்ரூ போட்டு உக்காந்துட்டா அதுவும் வேணாம்.

மாத்தி முடிச்சு அக்கா கையில குடுத்தேன். பட்டனை அமுக்கிட்டு வழக்கம் போல எழுந்து போகப் போனா, திரும்புறதுக்குள்ள பாஸ்வேர்டு கேட்டுச்சு. "ஆஃப் பண்ணாமயே வச்சிருந்தியாடா?"ன்னு கேட்டா. நம்பவே இல்ல, அவளே ஷட்டவுன் பண்ணி மறுபடி ஆன் பண்ணிப் பாத்தா. மாமா அப்பவும் விடல, "புதுசா விண்டோஸ் போட்டா எல்லாமே ஸ்பீடாத்தான் இருக்கும், ஆறு மாசம் போகட்டும்"னார். அவர் சொன்னதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு, புதுசா போட்டதாலயும் ஓரளவு வேகம் கூடும்தான், ஆனா அதே ஹார்டு டிஸ்க்ல ஒரு தடவை ஃபார்மட் பண்ணி பாத்தாச்சு ஏற்கனவே, கொஞ்ச நாள்லயே பழையபடி ஆயிடுச்சு. இது அப்படி ஆகல. அவர் சொன்ன ஆறு மாசமும் தாண்டி அந்த லேப்டாப்லதான் வேலை ஓடிட்டு இருக்கு. இப்போ மாமாவே தன்னோட லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து "சும்மா பாரேன்"னு வைக்கிறார்.

இந்த "சும்மா பாரேன்"தான் என் தலைவலி, கேள்விக்குச் சம்பந்தம் இல்லாட்டியும் சொல்லிடுறேன். ஒரு வீட்டுல மாத்திக் குடுத்தீங்கன்னா சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் நீங்கதான் சர்வீஸ் சென்டர். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வருவாங்க, பாஸ்வேர்டு என்னன்னு கேட்டா "அதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்ல, நீயே ஏதாவது பண்ணிக்கோ"ன்னுவாங்க, பேக்கப் இருக்கான்னு கேட்டா பேக்கப்புன்னா என்னன்னு கேப்பாங்க. அதையும் பொறுத்துக்கலாம். சித்தப்பா ஒருத்தர் லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாத்திக் குடுத்து ரொம்ப நாள் கழிச்சு, அவர் பேரன் அது மேல தண்ணி ஊத்தி கீபோர்டு போயிடுச்சு, அதுக்கு அவர் ஒரு விசேஷத்துல எல்லார் முன்னாடியும் "நீ கை வச்சதுல இருந்தே சரியில்லப்பா"ன்னார். காசு குடுத்து வெளிய செஞ்சிருந்தா இந்தப் பேச்சு வந்திருக்குமா? ஓசில செஞ்சா ஆயுசுக்கும் வாரண்டின்னு நெனப்பு. அதனால நீங்க உங்க லேப்டாப்பை மட்டும் மாத்துங்க, மாத்தினதை வெளிய சொல்லாதீங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். "இந்தக் காலத்துல யாராவது சாட்டா எஸ்எஸ்டி வாங்குவாங்களா, என்விஎம்இ போடு"ன்னு சொல்ல ஒரு கூட்டம் இருக்கு. சாட்டாங்கிறது ஹார்டு டிஸ்க் மாட்டுற அதே பழைய கனெக்ஷன், என்விஎம்இ அதைவிட வேகமான புது ரகம். உங்க லேப்டாப்ல எம்.2ன்னு சொல்ற சின்ன கார்டு மாதிரி எஸ்எஸ்டி மாட்டுற ஸ்லாட் இருந்து, அது என்விஎம்இ எடுக்கும்னு மேனுவல்ல எழுதியிருந்தா தாராளமா போடுங்க. ஆனா எட்டு வருஷ லேப்டாப்ல பல மாடல்ல அந்த ஸ்லாட்டே கிடையாது, சிலதுல ஸ்லாட் இருந்தும் சாட்டா ரகம் மட்டும்தான் எடுக்கும், பாக்க ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், தெரியாம வாங்கி வச்சுக்கிட்டு முழிக்காதீங்க. ஹார்டு டிஸ்க்ல இருந்து வர்றவங்களுக்கு சாதாரண 2.5 இன்ச் சாட்டாவே போதும் போதும்ங்கிற அளவு வேகம். விலை குறைஞ்ச சின்ன லேப்டாப் சிலதுல ஸ்டோரேஜை போர்டுலயே பத்தவச்சிருப்பாங்க, இஎம்எம்சின்னு டாஸ்க் மேனேஜர்லயோ டிவைஸ் மேனேஜர்லயோ காட்டுச்சுன்னா கழட்டிப் போட அங்க ஒண்ணும் இல்ல.

அடுத்தது "எஸ்எஸ்டி சீக்கிரம் செத்துடும்"னு ஒரு பயம். சாம்சங் 870 ஈவோ 250 ஜிபி மாடலுக்கு மொத்தம் இவ்வளவு டேட்டா எழுதலாம்னு கம்பெனி குடுக்கிற கணக்கு 150 டிபி, அதாவது 1,50,000 ஜிபி. தினமும் 20 ஜிபி எழுதினாலும் அது தீர 20 வருஷம் ஆகும், அதுக்குள்ள உங்க லேப்டாப் கீலு உடைஞ்சிருக்கும். நான் பயப்படுறது வேற விஷயத்துக்கு. ஹார்டு டிஸ்க் பல நேரம் சத்தம் போட்டு சொல்லிட்டு சாகும், எஸ்எஸ்டியை இயக்குற கன்ட்ரோலர் சிப் போச்சுன்னா ஒரு நாள் காலையில விண்டோஸுக்கு முன்னாடி வர்ற பயாஸ் செட்டிங்லயே அது தெரியாது. அழிச்ச ஃபைலோட இடத்தை எஸ்எஸ்டியைக் காலி பண்ணிக்கச் சொல்ற டிரிம்ங்கிற வேலை ஓடுறதால டெலீட் பண்ணின ஃபைலை மீட்கிறதும் ஏறக்குறைய நடக்காத காரியம். வெளி டிஸ்க்ல பேக்கப் இல்லாம எஸ்எஸ்டி போடாதீங்க. சிதறின ஃபைலை ஒழுங்கா அடுக்குற டீஃப்ராக்கை எஸ்எஸ்டில நீங்களா பண்ணாதீங்க, விண்டோஸ் 8ஓ அதுக்கு மேலயோ இருந்தா அதுவே புரிஞ்சுக்கிட்டு டிரிம் ஓட்டும், அதை நோண்ட வேணாம்.

எஸ்எஸ்டி சரி பண்ணாததும் இருக்கு. கேம்ல ஃபிரேம் கூடாது, வீடியோ ரெண்டர் வேகமாகாது. 4 ஜிபி ரேமை வச்சுக்கிட்டு பிரௌசர்ல இருபது டேப் திறந்தா அப்பவும் திணறும், முன்ன மாதிரி உறைஞ்சு போகாது அவ்வளவுதான். ரேம் ஸ்லாட் காலியா இருந்தா கவரைத் திறந்த கையோட 8 ஜிபி ஆக்கிடுங்க, ரெண்டையும் சேத்து மாத்தினாதான் முழுப் பலன் தெரியும்.

விண்டோஸ் விஷயம் ஒண்ணு பாக்கி. விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது, 11க்கு டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல் பிராசசர்னா பொதுவா 8வது தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும், உங்களோடது அதுக்குக் கீழன்னா மைக்ரோசாஃப்ட் முறைப்படி விடாது. நல்லா ஓடிட்டு இருக்கிற மெஷினை இப்படி ஒரே கையெழுத்துல கிழடாக்குறது எனக்கு எரிச்சல்தான், அதுக்கு எஸ்எஸ்டி என்ன பண்ணும். பிரௌசரும் ஆபீஸ் வேலையும் மட்டும்னா லினக்ஸ்லயே ஒரு வகையான லினக்ஸ் மிண்ட் போட்டுப் பாருங்க, பென்டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணலாம். விண்டோஸ்ல மட்டும் ஓடுற சாஃப்ட்வேர் கட்டாயம் வேணும்னா மட்டும் புதுசைப் பத்தி யோசிங்க.

கழட்டின பழைய டிஸ்க்கை உடனே ஃபார்மட் பண்ணிடாதீங்க, ஏதாவது ஒரு ஃபைல் விட்டுப் போச்சுன்னு ஒரு மாசம் கழிச்சுத்தான் ஞாபகம் வரும். நல்ல நிலையில இருந்தா ஒரு யுஎஸ்பி கேஸ்ல போட்டு பேக்கப்புக்கு வச்சுக்கங்க. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சள் காட்டினதுன்னா அதை நம்பி எதையும் வைக்காதீங்க, யாருக்காவது குடுக்குறதா இருந்தா முழுசா ஒரு தடவை மேல எழுதி அழிச்சுட்டுக் குடுங்க, குவிக் ஃபார்மட் பத்தாது.