கேம் ஆசை உள்ள மகனுக்குப் புள்ளியியல் படிப்பு

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ முடித்த மகன் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான், கேம் துறைதான் வேண்டும் என்கிறான், உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. இந்த வயதில் அந்த ஆசை இயல்பானதுதான். ஆனால், வீட்டை அடகு வைத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடச் சொல்கிறாரே அவன் சித்தப்பா, அதைப் படித்தபோது எனக்குத்தான் பதற்றமாகிவிட்டது. வேண்டாம் அம்மா. வட்டி கட்டப்போவது நீங்கள். பல லட்சம் கேட்கும் கேம் டிசைன் படிப்பும் வேண்டாம். படம் வரைவதில் அவனுக்கு நாட்டமே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எந்தக் கேமில் எத்தனையாவது கட்டத்தில் விளம்பரம் வந்தது, எந்த நண்பன் எத்தனை நாளில் விட்டுவிட்டான் என்றெல்லாம் நோட்டில் குறித்து வைக்கிறான் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். அந்த நோட்டுக்குள் ஒரு தொழில் இருக்கிறது. கேம் நிறுவனங்களில் அதைச் செய்பவர் தரவு ஆய்வாளர்.

மொபைல் கேம்களைப் பதிவிறக்குவதில் உலகில் முன்னணியில் நிற்பது இந்தியா. அதற்காகச் செலவழிப்பதில் மிகவும் பின்தங்கியிருக்கிறது. மும்பையில் உருவான லூடோ கிங் 2016இல் வந்தது. ஜியோவால் டேட்டா மலிவானதும் அதே ஆண்டுதான். 2020 ஊரடங்கில் குடும்பம் குடும்பமாக லூடோ கிங் ஆடினார்கள். இப்படிப்பட்ட எளிய கேம்களுக்கு இங்கே வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரம்தான். ஆகவே, இன்று நூறு பேர் இறக்கினால் நாளை எத்தனை பேர் திறக்கிறார்கள், ஏழாம் நாள் எத்தனை பேர், முப்பதாம் நாள் எத்தனை பேர் என்பதைத்தான் நிறுவனம் உற்றுப் பார்க்கும். தோற்றவனுக்கு இன்னொரு வாய்ப்பு தந்து அரை நிமிட விளம்பரம் காட்டுவார்கள். அதை மூன்றாம் கட்டத்தில் வைப்பதா, ஆறாம் கட்டத்திலா? ஆட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்துச் சோதிப்பார்கள். வரும் வித்தியாசம் உண்மையானதா, தற்செயலா? அதைச் சொல்லப் புள்ளியியல் தெரிய வேண்டும்.

பிளஸ் டூவில் அவன் கணிதம் படித்தவன். பி.எஸ்சி. புள்ளியியல் சென்னை மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் இருக்கிறது; கட்டணம் மிகக் குறைவு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். கூடவே சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் பி.எஸ். தரவு அறிவியல் பட்டப்படிப்புக்கும் முயலட்டும்: சேர்வதற்கு முதலில் நான்கு வாரப் பாடம், பிறகு தகுதித் தேர்வு. இடையில் நிறுத்தினாலும் முடித்த அளவுக்குச் சான்றிதழோ டிப்ளமோவோ உண்டு.

பணம் கட்டி ஆடும் கேம் நிறுவனங்களை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அவ்வகை ஆட்டங்களைத் தடை செய்தது. பெரிய நிறுவனங்களே ஆட்குறைப்பு செய்தன. புள்ளியியல் படித்தவனுக்கு அப்போதும் வங்கி, காப்பீடு, மருத்துவ ஆய்வு என்று வேறு கதவுகள் இருக்கும். மத்திய அரசின் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வையும் எழுதலாம்.

எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டிவிடாதீர்கள். அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்தை அவனையே நிரப்பச் சொல்லுங்கள். அந்த நோட்டோடு ஒருநாள் என்னிடம் அனுப்பி வையுங்கள். சித்தப்பாவும் உடன் வரட்டும்.