போல்ட் ஐங்கோணமாவது ஏன்? கேட் மாடலும் கேம் எஞ்சினும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நெல் ஆலை ஒன்றின் கேட் (CAD, கணினி வடிவமைப்பு) மாடலை ஸ்டெப் (STEP) கோப்பாக அன்ரியல் கேம் எஞ்சினுக்குள் எடுத்தேன். பெரிய உருளைகள் வழவழப்பாக இருக்கின்றன, போல்ட்கள் மட்டும் ஐந்து மூலையோடு நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே செட்டிங்தான் கொடுத்தேன். (மாணவர், அறிவியல் நகர், கிளிநொச்சி)

பதில்: ஒரே செட்டிங் கொடுத்ததுதான் காரணம். கேட் மென்பொருளில் வளைவு என்பது ஒரு சமன்பாடு. கேம் எஞ்சினுக்குத் தெரிந்ததோ முக்கோணம் மட்டும். உண்மையான வளைவிலிருந்து முக்கோணம் எவ்வளவு விலகலாம் என்பதைக் 'கார்ட் டாலரன்ஸ்' தீர்மானிக்கிறது. அன்ரியலின் இறக்குமதிக் கருவியான டேட்டாஸ்மித்தில் அது இயல்பாக 0.2 செ.மீ., அதாவது 2 மி.மீ. 500 மி.மீ. ஆரமுள்ள உருளை அதற்குள் அடங்க 36 பக்கங்கள் தேவை. 10 மி.மீ. ஆரமுள்ள போல்ட்டுக்கு ஐந்தே போதும். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டியதுபோல அது தெரிவது இதனால்தான்.

இதைத் தடுக்கவே 'நார்மல் டாலரன்ஸ்' என்ற கோண அளவும் இருக்கிறது; அடுத்தடுத்த பக்கங்கள் எவ்வளவு திரும்பலாம் என்பதை அது சொல்கிறது. அது இயல்பான 20 பாகையில் இருந்திருந்தால் எந்த வட்டத்துக்கும் 18 பக்கமாவது கிடைத்திருக்கும். முக்கோணங்களைக் குறைக்கவென்று அதை உயர்த்தியிருப்பீர்கள். திரும்ப 20க்கு இறக்குங்கள், கிட்டப்போய்ப் பார்க்கும் பாகமென்றால் 15. கார்ட் டாலரன்ஸைத் தொட வேண்டாம். அதை 0.02 ஆக்கினால் பெரிய உருளையின் பக்கங்களும் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடும். முழுக் கோப்பையும் மறுபடி எடுக்கத் தேவையில்லை. அந்தப் பாகத்தின் மெஷ்ஷில் (முக்கோண வலையில்) வலது கிளிக் செய்து, டேட்டாஸ்மித்தின் கீழ் 'ரீடெசலேட்' (மறுபடி முக்கோணமாக்கு) கொடுங்கள்.

நம் ஊர் ஆலை ஒன்று கேமுக்குள் வருவதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

கேள்வி: குளத்து வான்கதவு ஒன்றை வரைந்தேன். தகடுகள் சந்திக்கும் இடமெல்லாம் மயிரிழை இடைவெளி, வெளிச்சம் கசிகிறது. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் கிட்டக் கிட்ட உள்ள புள்ளிகளை மெர்ஜ் செய்து ஒன்றாக்கியும் போகவில்லை. (கனகராயன்குளம்)

பதில்: மெர்ஜ் செய்து இது போகாது. அடுத்தடுத்த இரு பரப்புகள் ஒரே விளிம்பைப் பகிராவிட்டால், ஒவ்வொன்றும் தன்பாட்டில் முக்கோணமாகும். ஒன்று விளிம்பை 12 துண்டாக்கும், மற்றது 9 ஆக்கும். புள்ளிகள் நேருக்கு நேர் வராது. மெர்ஜ் தூரத்தைக் கூட்டக் கூட, தேவையான சின்னத் துளைகள்தான் அடைபடும்.

முக்கோணமாவதற்கு முன்பே தைக்க வேண்டும். டேட்டாஸ்மித்தில் இதற்கான தையல் முறைகள் இருக்கின்றன. 'ஹீல்' ஒரு பாகத்துக்குள் மட்டும் தைக்கும். 'ஸ்யூ' பல பாகங்களைச் சேர்த்துத் தைக்கும், ஆனால் பாகங்களின் அமைப்பையே மாற்றிவிடலாம். உங்கள் கதவு மேலே எழும்ப வேண்டுமே, அதனால் ஹீல்தான் சரி. கதவின் தகடுகளை முதலில் கேட் மென்பொருளிலேயே ஒரே திண்மமாக இணையுங்கள். ஃப்ரீகேட் என்ற கேட் மென்பொருள் இலவசம், இந்த வேலைக்கு அது போதும்.

கேள்வி: லாண்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) மாடல் மடிக்கணினியைத் திணறடிக்கிறது. முக்கோணங்களைத் தானாகக் குறைக்கும் டெசிமேட் செய்தால் சில்லு நசுங்கிப்போகிறது. (முள்ளியவளை)

பதில்: தம்பி, டெசிமேட்டைக் கடைசிக்கு வையுங்கள். அதற்குச் சில்லின் வட்டமும் தெரியாது, மூடியின் விளிம்பும் தெரியாது. எஞ்சினுக்குள் மறைந்திருக்கும் பிஸ்டன், கேஸ்கட், போல்ட்டின் மரை எல்லாவற்றையும் கேட் கோப்பிலேயே நீக்குங்கள். கனம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கும், மரை ஒன்றே பல்லாயிரம் முக்கோணம் தின்னும். அப்புறம், ஒரே மாதிரியான போல்ட்களுக்கு ஒரு மெஷ்ஷை வைத்து, அதையே பல இடங்களில் காட்டும் இன்ஸ்டன்ஸாக அடுக்குங்கள்.

கேள்வி: கேட் மாடலை எஸ்.டி.எல். (STL) என்ற முக்கோணக் கோப்பாக்கி, பிளெண்டர் வழியே யூனிட்டி கேம் எஞ்சினுக்குக் கொண்டுபோனேன். மாடல் மலையளவு பெரிது, வளைவெல்லாம் பட்டை பட்டையாக. (வவுனியா)

பதில்: எஸ்.டி.எல். கோப்பில் அலகு கிடையாது. மில்லிமீட்டர் மீட்டராக வாசிக்கப்பட்டு 1000 மடங்காகியிருக்கிறது. முக்கோண முகத்துக்கு ஒரு நார்மல் (பரப்பு நோக்கும் திசை) மட்டுமே அதில் உண்டு, பட்டைகள் அதனால்தான். ஃப்ரீகேட்டிலிருந்து ஜி.எல்.டி.எஃப். (glTF) கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள், பாகங்களின் பெயர்களும் கூடவே வரும்.