மகளுக்கு மட்டுமா கற்பு?

வாசகர் கேள்வி: நாங்கள் தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 11. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்து வந்த மகள், "மோக பாவம்னா என்னம்மா?" என்று கேட்டாள். "பெரியவளானால் தெரியும்" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். அதே வாரம் மகனின் செல்பேசியில் பார்க்கக் கூடாத படங்களைப் பார்த்துவிட்டேன். அவனிடம் பேசச் சொன்னால் கணவர் நழுவுகிறார். மாமியாரோ, "உயிர் போனாலும் மானம் போகக் கூடாது" என்று புனித மரிய கொரற்றியின் கதையை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கற்பைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகளின் கேள்வி இன்னும் பதில் கிடைக்காமல் நிற்கிறது; அங்கிருந்தே தொடங்குங்கள். இரவில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து, "அன்றைக்கு நீ கேட்டதற்கு அம்மா பதில் சொல்லவில்லையே" என்று நீங்களே பேச்சை எடுங்கள். கணவனும் மனைவியும் தங்களை ஒருவருக்கொருவர் முழுமையாகக் கொடுப்பதற்கும், அதன் வழியாகக் குழந்தை பிறப்பதற்கும் கடவுள் உடலுறவைத் தந்திருக்கிறார் என்றும், அந்த அன்பும் வாக்குறுதியும் இல்லாமல் வெறும் ஆசைக்காக ஒருவரின் உடலைப் பயன்படுத்துவதே மோக பாவம் என்றும் சொன்னால், 11 வயதுப் பிள்ளைக்குப் புரியும். மாதவிடாயைப் பற்றியும் அது வருமுன்னரே சொல்லிவிடுங்கள். சடங்கு வைத்து ஊரைக் கூட்டி விருந்து போடும் பல வீடுகளில், அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து நாலு வார்த்தை விளக்கிச் சொல்ல ஆளிருப்பதில்லை.

அடுத்தது, 'கற்பு' என்ற சொல். நம் பேச்சில் அது பெண்ணின் தலையில் மட்டுமே ஏற்றப்பட்ட சுமை. திருச்சபை அதை அப்படிப் பார்க்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஒருவரின் பாலியல்பு அவரது உடலோடும் உள்ளத்தோடும் பிளவின்றி ஒன்றி நிற்பதையே கற்பு என்று விளக்குகிறது (எண் 2337). திருமுழுக்குப் பெற்ற எல்லாரும், ஆணும் பெண்ணும், அதற்கு அழைக்கப்பட்டிருக்கிறார்கள். திருமணமானவர்களுக்கும் அவர்களுக்கே உரிய கற்பு உண்டு (எண் 2348, 2349). ஆகவே மகளின் துப்பட்டாவைச் சரிசெய்யச் சொல்லும் வீட்டில், மகன் ஒரு பெண்ணை எப்படிப் பார்க்கிறான், அவளைப் பற்றி நண்பர்களிடம் எப்படிப் பேசுகிறான் என்பதும் அதே கண்டிப்போடு கவனிக்கப்பட வேண்டும். மலைப்பொழிவில் இச்சையோடு பார்ப்பதைப் பற்றி இயேசு எச்சரித்தது ஆண்களைத்தானே!

மகனிடம் பேச வேண்டியவர் உங்கள் கணவரே. வத்திக்கானிலுள்ள திருப்பீடத்தின் குடும்பத்துக்கான அவை 1995 டிசம்பர் 8 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த உரையாடலைத் தாய் மகளிடமும் தந்தை மகனிடமும் நடத்துவது நன்று என்கிறது. பிள்ளைக்குப் பிள்ளை தனித்தனியாகப் பேசவும் சொல்கிறது. முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சமாக இருந்தால், மகனைப் பைக்கின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள்; முகம் தெரியாத தைரியத்தில் இருவருமே பேசிவிடுவார்கள். "இந்த வயதில் ஆசை வருவது பாவமில்லை, எனக்கும் வந்தது. ஆனால் அந்தப் படங்கள் மனிதரைப் பண்டமாக்கிக் காட்டுகின்றன, அதைப் பார்த்துப் பழகிய கண் நாளைக்கு உன் மனைவியையும் அப்படித்தான் பார்க்கும்" என்று தந்தை சொன்னால் போதும். கணவர் கடைசிவரை நழுவினால் நீங்களே பேசுங்கள். யாரும் பேசாமல் விடுவதைவிட அது மேல். செல்பேசியைப் பிடுங்கி உறவினர் முன்னால் மானத்தை வாங்க வேண்டாம். குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போ என்று விரட்டவும் வேண்டாம்; அந்த ஒப்புரவு அருட்சாதனம் ஒன்றும் காவல் நிலையமில்லை. இரவு ஒன்பது மணிக்குமேல் வீட்டிலுள்ள எல்லாச் செல்பேசிகளும், உங்கள் இருவருடையதும் சேர்த்துத்தான், கூடத்திலேயே சார்ஜில் கிடக்கட்டும்.

உங்கள் மாமியார் சொல்லும் கதைதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. இத்தாலியச் சிறுமி மரிய கொரற்றி, தன்னைப் பலவந்தப்படுத்த வந்தவனால் 1902-இல் கத்திக்குத்துப்பட்டு மறுநாள் இறந்தபோது, உங்கள் மகளின் வயதுதான் அவருக்கும். பாவத்துக்கு இணங்க மறுத்ததோடு, குத்தியவனை மன்னித்துவிட்டே உயிர்விட்டார் அந்தச் சிறுமி. அதை "மானம் போனால் உயிரை விடு" என்று திரித்துச் சொன்னால், எங்காவது ஒருவன் அத்துமீறித் தொட்டுவிட்டால்கூட, தான் கெட்டுப்போனதாக நினைத்து உங்கள் மகள் வாயைத் திறக்கமாட்டாள். 410-இல் உரோமை சூறையாடப்பட்டபோது வன்கொடுமைக்கு உள்ளான பெண்களைப் பற்றி எழுதிய புனித அகுஸ்தினார், மனம் இணங்காதபோது கற்பு அழிவதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதை மகளுக்குச் சொல்லுங்கள்: "உன்னை யாராவது தப்பாகத் தொட்டால் பாவம் அவனுடையது, உன்னுடையது இல்லை. அவன் உறவினராக இருந்தாலும் கோவில் ஆளாக இருந்தாலும், அன்றைக்கே அம்மாவிடம் வந்து சொல்." குழந்தைகள் உதவி எண் 1098-ஐ மகளுக்கும் மகனுக்கும் மனப்பாடம் செய்துவையுங்கள், ஆண் பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு, போக்சோ சட்டம் அவர்களையும் சேர்த்தே காக்கிறது.