ரயில் கிட் வாங்கி வார்கேம் கட்டடம் பண்ணலாமா?

கேள்வி: அண்ணா வணக்கம், நான் பர்மிங்ஹாம்ல இருக்கேன், ஃப்ரெண்ட்ஸோட 28 எம்எம் உயர பொம்மை சோல்ஜர்ஸ் வச்சு மேஜை மேல வார்கேம், அதாவது போர் விளையாட்டு, ஆடுறோம். இங்க மாடல் ரயில் கண்காட்சில பழைய பில்டிங் கிட் (பார்ட்ஸை ஒட்டிச் செய்யுற குட்டிக் கட்டடம்) எல்லாம் பாதி விலைக்குப் போகுது, ஆனா பாக்ஸ்ல ஹெச்ஓ, டபுள்ஓன்னு என்னென்னமோ போட்டிருக்கு. அது எங்களுக்கு ஆகுமா?

பதில்: ஆகும் தம்பி, ஆனா வீடு வாங்காதீங்க, ஃபேக்டரி வாங்குங்க. ஹெச்ஓ, டபுள்ஓங்கிறது மாடல் ரயிலோட சைஸ் பேரு, ஹெச்ஓன்னா நிஜத்துல 87ல ஒரு பங்கு, பிரிட்டன்ல ஓடுற டபுள்ஓ 76ல ஒரு பங்கு, உங்க 28 எம்எம் ஆளு கிட்டத்தட்ட 56ல ஒரு பங்கு. கதவை வச்சுப் பாத்தா உடனே புரியும், 2 மீட்டர் கதவு ஹெச்ஓல 23 மில்லிமீட்டர்தான், டபுள்ஓல 26, உங்க ஆளுக்கு வேண்டியது 36. நான் முதல்ல வாங்குனது ஹெச்ஓ கிராமத்து வீடு, ஜன்னல் பலகை, பூந்தொட்டி எல்லாம் அவ்ளோ அழகா இருந்துச்சு, ரெண்டு ராத்திரி உக்காந்து ஒட்டி முடிச்சு வாசல்ல சோல்ஜரை நிறுத்துனா நிலையோட மேல்சட்டம் அவன் தோள்பட்டைக்குத்தான் வருது. அந்தக் காசுக்கு இன்னைக்கும் மனசு கேக்கல, அதான் இவ்ளோ சொல்றேன்.

ஃபேக்டரில அந்தத் தொல்லை கம்மி. டேங்க், புகைபோக்கி, பெரிய பைப் எல்லாம் எந்த சைஸ்லயும் இருக்கலாம், யாரும் சின்னதுன்னு சொல்ல மாட்டாங்க. வால்தர்ஸ்ங்கிற அமெரிக்கக் கம்பெனியோட கார்னர்ஸ்டோன் ஹெச்ஓ ஃபேக்டரி கிட் கிடைச்சா விடாதீங்க. காட்டிக் குடுக்குறது கதவும் படிக்கட்டும் அதோட கைப்பிடிக் கம்பியும்தான், கதவை வெட்டி எடுத்துட்டு பிளாஸ்டிக் ஷீட்ல 36 மில்லிமீட்டருக்கு புதுசா வைங்க, கைப்பிடியை ஒட்டவே ஒட்டாதீங்க. ஹெச்ஓல ஒரு மாடி சுமார் 34 மில்லிமீட்டர், உங்க ஆளு ஸ்டாண்டோட 30க்கு மேல நிப்பான், தலை இடிக்கும், அதனால ரெண்டு ஜன்னல் வரிசைக்கு ஒரு தளம்னு கணக்கு வச்சு தரையைப் போடுங்க. கிட் உள்ள வெறும் காலியாத்தான் இருக்கும், தரை நீங்கதான் வெட்டணும். இடிஞ்ச கட்டடம்னா உடைஞ்ச ஓரத்துல சுவரு அட்டை மாதிரி மெல்லிசாத் தெரியும், உள்பக்கம் 5 மில்லிமீட்டர் ஃபோம்போர்டு (நடுவுல ஃபோம் வச்ச அட்டை) ஒட்டுனா செங்கல் சுவரு கனம் வந்துரும். ஆனா பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற ஸ்ப்ரே ப்ரைமர் நேரா ஃபோம் மேல பட்டா ஃபோம் கரைஞ்சு போயிரும், முதல்ல பிவிஏ பசை (வெள்ளையா இருக்குற மரப்பசை) தடவி நல்லாக் காய விடுங்க.

கேள்வி: நான் 20 எம்எம் இரண்டாம் உலகப்போர் ஆடுறேன், தம்பி 10 எம்எம். எங்களுக்கும் இதே வெட்டுற வேலையா?

பதில்: வேண்டாம். 20 எம்எம் ஆளு 72ல ஒரு பங்கு, டபுள்ஓ பக்கத்துலயே இருக்கு, வீடு, சர்ச், ஸ்டேஷன் எல்லாம் அப்படியே வைக்கலாம். உங்க தம்பிக்கு பிரிட்டிஷ் என் கேஜ், அது இன்னும் சின்ன ரயில் சைஸ், 148ல ஒரு பங்கு. மெட்கால்ஃப் கம்பெனியோட அட்டை கிட் டபுள்ஓ, என் ரெண்டு சைஸ்லயும் வருது. அட்டைக்கு ஈரம் ஆகாது, பசையைக் கம்மியாத் தடவுங்க.

கேள்வி: ஆன்லைன்ல செகண்ட்ஹேண்ட் கிட் வாங்குனேன், பாதி பார்ட்ஸ் இல்ல. திருப்பிக் குடுக்க முடியுமா?

பதில்: வித்தது யாருன்னு முதல்ல பாருங்க. கடைக்காரர்னா பிரிட்டன்ல ஆன்லைன்ல வாங்குன பொருளை கைக்கு வந்த 14 நாளுக்குள்ள வேண்டாம்னு சொல்லலாம், பார்ட்ஸ் இருக்குன்னு சொல்லி வித்துட்டு இல்லன்னா 30 நாள் வரைக்கும் முழுப் பணமும் கேக்கலாம். தனி ஆள் வித்திருந்தா அந்த 14 நாள் கிடையாது, விளம்பரத்துல என்ன எழுதினாரோ அதை வச்சுத்தான் பேச முடியும், அதனால அந்த விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. வாங்குறதுக்கு முன்னாடியே பார்ட்ஸ் ஒட்டியிருக்குற எல்லா பிளாஸ்டிக் ஃப்ரேமையும் பரப்பி ஒரு போட்டோ கேளுங்க. ஜன்னல் கண்ணாடி ஷீட் இல்லன்னா கவலை வேண்டாம், எந்த பேக்கிங் பிளாஸ்டிக்லயும் வெட்டிக்கலாம். கூரை இல்லன்னா விலை குறைச்சுக் கேட்டு வாங்கி இடிஞ்ச கட்டடமா ஆக்கிருங்க. சுவரே ஒண்ணு குறையுதுன்னா திருப்பி அனுப்பிருங்க.