வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். வேல்யூ ப்ரொபொசிஷன் எழுதச் சொல்கிறார்கள். எப்படி எழுதுவது?

பெயர்தான் பெரிசு. "ஏன் உன்னிடம் வாங்க வேண்டும்?" என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில், அவ்வளவுதான்.

என் மனைவி தையல் கடை வைத்திருக்கிறார். ஆரம்பத்தில் போர்டில் "தரமான தையல், நியாயமான விலை, வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்" என்று இருந்தது. எழுதிய மகான் நான்தான். தெருவில் இன்னும் மூன்று தையல் கடைகள். எங்கள் போர்டைக் கழற்றி எதில் மாட்டினாலும் பொருந்தும். 'தையல்' என்ற சொல்லை அழித்துவிட்டால் மளிகைக் கடைக்கும் ஆகும்.

அப்புறம் ஒரு மாதம், வருகிறவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று நோட்டில் குறித்து வைத்தேன். கூலியைத்தான் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. "அக்கா, எப்ப கிடைக்கும்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. பேச்சுக் கொடுத்தால் பின்னாலேயே ஒரு பழைய கதை வரும்: எங்கோ தைக்கக் கொடுத்து, "நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க" என்று அலையவிட்டு, கடைசியில் புதுப் பட்டுப்புடவைக்குப் பொருந்தாத பழைய ப்ளவுஸைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன கதை.

போர்டை மாற்றினோம். "லைனிங் ப்ளவுஸ் 5 நாளில். சொன்ன தேதிக்குத் தராவிட்டால் கூலி வேண்டாம்."

"கரண்ட் போனா என்னங்க பண்றது?" என்று மனைவி சண்டைக்கே வந்துவிட்டார். அவர் பயந்ததிலும் நியாயம் உண்டு. 30 நிமிடத்தில் பீட்சா என்று டோமினோஸ் கொடுத்த உத்தரவாதம் எவ்வளவு பிரபலம்! டெலிவரி வண்டிகள் விபத்தில் சிக்கி, வழக்குகள் வந்து, 1993இல் அமெரிக்காவில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. அதனால் மூன்று நாளில் முடிகிற வேலைக்கு ஐந்து நாள் என்று எழுதினோம். ஒரு நாளைக்கு ஆறு ப்ளவுஸுக்கு மேல் வாங்குவதில்லை. ஆரி எம்ப்ராய்டரி வேலையை விட்டுவிட்டோம். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே ஆர்டரை நிறுத்திவிடுகிறோம். இதில் வருமானம் கொஞ்சம் போனது உண்மை. இதுவரை நான்கு முறை கூலி வாங்காமல் கொடுத்திருக்கிறோம். அதில் ஒன்று ஓவர்லாக் மெஷின் மக்கர் பண்ணியதால்.

சரி, உங்கள் மாவுக்கு வருவோம். "சுவையான, சுத்தமான, ஆரோக்கியமான" மூன்றையும் அடித்துவிடுங்கள். அசுத்தமான மாவு என்று யாராவது எழுதி விற்கிறார்களா? மாவு வாங்குகிறவர் கேட்பது "இன்னைக்கு அரைச்சதா? ரொம்பப் புளிச்சிருக்கா?" என்பதுதான். காலையில் அரைத்த மாவு வெளியில் வைத்தால் எட்டுப் பத்து மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழிக் குளிரில் இன்னும் தாமதமாகும். எனவே "காலை 6 மணிக்கு அரைத்தது. இன்று ராத்திரி தோசை, நாளைக் காலை இட்லி" என்று எழுதிப் பாருங்கள். நேற்றைய மாவை விற்பதில்லை என்றும் சேர்க்கலாம், மிஞ்சியதை உண்மையிலேயே விற்க மாட்டீர்கள் என்றால் மட்டும்.

எழுதியதைப் பக்கத்து வீட்டில் யாரிடமாவது ஒருமுறை சொல்லிவிட்டு, மறுநாள் அது என்னவென்று அவரிடமே திருப்பிக் கேளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி, "அஞ்சு நாள்ல ஜாக்கெட்டு, இல்லேன்னா காசு வேணாம், அதானே?" என்றார். லைனிங்கை மறந்துவிட்டார். பரவாயில்லை, சாதா ப்ளவுஸுக்கும் அதே கணக்குதான்.